புகையைப் புதைக்க யார் பணம்?

இருபதாயிரம் கோடி ரூபாய்! 2026 பிப்ரவரி 1ஆம் தேதி பார்லிமெண்டில் பட்ஜெட்டை வைத்த நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், ஐந்தாண்டு காலத்துக்கு இந்தத் தொகையை ஒதுக்குவதாக அறிவித்தார். எதற்கு? கூலிக்கா? குடிசைக்கா? ஏரி, வாய்க்கால் தூர் எடுக்கவா? இல்லை. புகைக்கு! மின்சாரம், உருக்கு, சிமெண்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய ஐந்து துறைகளின் புகைபோக்கிகளிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவைப் பிடித்து, ஒன்று அதை வேறு சரக்காக மாற்ற வேண்டும். இல்லையேல் பூமிக்கடியில் அடைத்துப் புதைக்க வேண்டும். அதற்கான யந்திரங்களைப் பெரிய அளவில் நிறுவிப் பார்க்க இந்தப் பணம்.

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடை ஒன்றில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு லேத் தொழிலாளித் தோழர் கேட்டார்: "ஏன் தோழரே, அவங்க விட்ட புகையைப் புதைக்க நாம ஏன் காசு கொடுக்கணும்?"

கேள்வி நியாயமானது. ஆனால் "வேண்டவே வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. ஏனென்றால் இந்தப் புகை யார் விட்டதானாலும் அதன் அடி முதலில் விழுவது நம் முதுகில்தான்.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. பூந்தமல்லிக்குத் தெற்கே தொடங்கி சென்னைப் பட்டணம் வரை ஆற்றங்கரையில் குடியிருந்த ஏழை ஜனங்கள் பாயும் பாத்திரமும் இழந்து நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து, மோட்டாரும் கண்ட்ரோல் பேனலும் மூழ்கின. யந்திரம் ஓடாத நாளுக்குக் கூலி ஏது? கடல் சூடேறினால் மழை கொட்டுகிற விதம் மாறுகிறது. வெயில் ஏறினால் நடவு நடும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் பதினொரு மணிக்கே கரையேற வேண்டியிருக்கிறது. அரை நாள் கூலி போய்விடுகிறது. ஆகவே கரியமில வாயுவைக் குறைப்பது கனதனவான்களின் பொழுதுபோக்கு அல்ல. அது நம் சோற்றுப் பிரச்னை.

அப்படியானால் சண்டை எங்கே இருக்கிறது? யார் செலவில், யார் லாபத்துக்கு, எந்தப் புகைபோக்கியில் என்பதில் இருக்கிறது.

யந்திரம் என்ன செய்கிறது?

முதலில் வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்து கொள்வோம். நிலக்கரி எரியும் பாய்லரின் புகையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை கரியமில வாயு இருக்கும். மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். இந்தப் புகையை ஓர் உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து மேலாக விடுகிறார்கள். மேலிருந்து அமீன் என்ற ரசாயனக் கரைசல் மழையாகக் கொட்டுகிறது. அது கரியமில வாயுவைப் பற்றிக் கொள்ளும். பிறகு அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் நீராவியால் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால், பிடித்ததைக் கக்கிவிடும். அந்தச் சுத்தமான வாயுவைக் கம்பிரசரில் அழுத்தி, குழாய் வழியே கொண்டுபோய், 800 மீட்டருக்கும் கீழே உள்ள பாறை அடுக்குகளில் செலுத்துகிறார்கள்.

பாய்லர் அறையில் வேலை செய்த தோழர்களுக்கு ஒரு விஷயம் உடனே பிடிபட்டிருக்கும். கரைசலைச் சூடாக்கும் அந்த நீராவி எங்கிருந்து வருகிறது? அதே பாய்லரிலிருந்து! டர்பைனைச் சுழற்ற வேண்டிய நீராவியில் ஒரு பகுதி இங்கே திருப்பப்படுகிறது. கம்பிரசர் ஓட்ட மின்சாரமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து, அனல் நிலையத்தின் சக்தியில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வரை தின்றுவிடும்.

இதன் பொருளாதாரம் ஒரு சின்னக் கணக்கு. ஓர் அனல் நிலையம் 100 யூனிட் அனுப்புகிறது, ஒரு யூனிட்டுக்கு அடக்கம் 6 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 600 ரூபாய் செலவு. இப்போது 25 யூனிட்டைப் புகை பிடிக்கும் யந்திரம் விழுங்கிவிட்டால், அதே 600 ரூபாயை 75 யூனிட்டின் தலையில் கட்ட வேண்டும். யூனிட் 8 ரூபாய்! கோபுரம் கட்டிய கடனுக்கு வட்டி, குழாய்ச் செலவு, கரைசல் செலவு இன்னும் சேரவில்லை. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது, டிமாண்ட் சார்ஜும் உச்ச நேரக் கட்டணமும் தாங்காமல் 2023 செப்டம்பர் 25இல் தமிழ்நாடு முழுவதும் சிறுதொழில் பட்டறைகள் ஒருநாள் கதவடைத்ததை எஸ்டேட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டறை முதலாளிக்குக் கரண்ட் பில் ஏறினால் அவர் முதலில் கை வைப்பது ஓவர்டைமில். அடுத்து ஆள் கணக்கில்.

தூத்துக்குடியில் நடந்தது

இதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பாக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வேலை நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் யந்திரம் 2016இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திறன். பிடித்ததைப் புதைக்கவில்லை. உப்பும் அமோனியாவும் இந்த வாயுவும் சேர்ந்தால் சோடா வரும். கண்ணாடிக்கும் சலவைக்கும் போகிற அதே சோடா. ஆலைக்குக் கரியமில வாயு எப்படியும் மூலப்பொருளாக வேண்டும். அது பக்கத்துப் புகைபோக்கியிலேயே மலிவாகக் கிடைத்தது. சர்க்கார் மான்யம் ஒரு காசு கிடையாது. டன்னுக்குச் சுமார் 30 டாலரில் பிடிக்க முடிகிறது என்று சொன்னார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

இதில் நாம் கற்க வேண்டியது மூன்று இருக்கிறது. சொல்லப்போனால் வேதனையோடு கற்க வேண்டியது ஒன்று. அந்தக் கரைசலைக் கண்டுபிடித்த இளைஞர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். நம் நாட்டில் முதல் போட ஆள் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் மான்யம் கொடுத்து அழைத்துக் கொண்டது. கம்பெனி லண்டன் கம்பெனியாயிற்று. நம் வரிப்பணத்தில் வளர்ந்த மூளை, அவர்கள் ஊர்க் காப்புரிமை! நாளைக்கு இந்த இருபதாயிரம் கோடியில் கோபுரம் எழுப்பும்போது, அந்தக் காப்புரிமைக்கு நாமே ராயல்டி கட்ட வேண்டி வந்தாலும் வரும்.

இரண்டாவது, அளவு. வட சென்னையில் வல்லூர் அனல் நிலையம் 1,500 மெகாவாட். ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. முழுச் சுமையில் ஓடினால், தூத்துக்குடி யந்திரம் ஒரு வருஷம் முழுக்கப் பிடிப்பதை வல்லூர் இரண்டே நாளில் விட்டுவிடும். அவ்வளவு சோடாவை விற்க இந்த உலகத்தில் சந்தை கிடையாது. ஆகவே "பிடித்து விற்றுவிடலாம்" என்கிற பேச்சு கொஞ்ச தூரந்தான் ஓடும். மிச்சத்தைப் புதைத்துத்தான் ஆக வேண்டும். புதைத்த பொருளை எவனும் விலைக்கு வாங்க மாட்டான்.

மூன்றாவது, சோடாவாக மாற்றினால் கரி தொலைந்துவிட்டது என்றும் எண்ண முடியாது. அந்தச் சோடாவைக் கண்ணாடி உலையில் போட்டு உருக்கினால் அதே வாயு மறுபடி வெளியே வருகிறது. இதைச் சொன்னால் சில விஞ்ஞான நண்பர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

மேல்நாட்டுச் சர்க்கார்கள் கொடுத்த பணம்

லாபம் இல்லாத இடத்தில் முதலாளி கால் வைக்க மாட்டான். ஆகவே மேல்நாடுகளில் சர்க்கார்கள் பணத்தை அள்ளிக் கொடுக்கின்றன. அமெரிக்காவில் 2022 சட்டப்படி, புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரிச்சலுகை. நம் பணத்தில் 7,000 ரூபாய்க்கு மேல். 2025இல் இன்னொரு வேலையும் செய்தார்கள்: பழைய எண்ணெய்க் கிணற்றில் இந்த வாயுவைச் செலுத்தி மேலும் எண்ணெய் எடுத்தாலும் அதே 85 டாலர் உண்டு என்று சட்டத்தைத் திருத்தினார்கள். கரியைக் குறைக்கக் கொடுக்கும் காசில் எண்ணெய்க் கம்பெனி மேலும் எண்ணெய் எடுக்கிறது! இந்த வேடிக்கை வேறெங்கே உண்டு?

டெக்சாஸில் பெட்ரா நோவா என்ற யந்திரம் சுமார் 100 கோடி டாலரில் 2017இல் ஓடத் தொடங்கியது. அதில் சர்க்கார் மான்யம் சுமார் 19 கோடி டாலர். எண்ணெய் விலை விழுந்ததும் 2020 மே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். 2023இல்தான் மறுபடி ஓடியது. புகை நிற்கவில்லை, நிலக்கரி நிற்கவில்லை. நின்றது புகை பிடிக்கும் யந்திரம் மட்டும். மிஸிஸிபி மாகாணத்துக் கெம்பர் நிலையம் இன்னும் மோசம். சுமார் 750 கோடி டாலர் கொட்டியபின் 2017இல் நிலக்கரித் திட்டத்தையே கைவிட்டு, சாதாரண எரிவாயு நிலையமாக்கிக் கொண்டார்கள்.

பிரிட்டனில் 2024 அக்டோபரில் 25 ஆண்டுகளுக்கு 2,170 கோடி பவுண்ட் அறிவித்தார்கள். பணம் எங்கிருந்து? பார்லிமெண்டின் கணக்குக் குழுவே சொன்னது: நாலில் மூன்று பங்கு ஜனங்களின் மின்சார, எரிவாயு பில்லில் ஏறப் போகிறது! பணக்காரன் பில்லிலும் ஏழை பில்லிலும் ஒரே மாதிரி ஏறும். பணக்காரனுக்கு அது கொசுக்கடி. ஏழைக்குக் குளிர்காலத்தில் அடுப்பு அணைகிறது.

நார்வேயின் கதை கொஞ்சம் வேறு. அங்கே 1991இல் கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் மீது கரி வரி போட்டார்கள். வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கண்ட கம்பெனி, 1996 முதல் ஸ்லெய்ப்னர் வயலில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டன் கடலடியில் புதைத்து வந்தது. கவனியுங்கள்: காசு கொடுத்து அல்ல, வரி போட்டு! பிற்காலத்தில் அதே நார்வே, பிரெவிக் சிமெண்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் யந்திரத்துக்கும் கப்பலுக்கும் கிணற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்குச் செலவைச் சர்க்கார் கஜானாவிலிருந்தே கொடுத்தது; 2025இல் அது ஓடத் தொடங்கிவிட்டது. எண்ணெய்ப் பணத்தில் புரளும் சின்ன நாடு, செய்யலாம்.

நமக்கு? அமெரிக்கன் விலையில் டன்னுக்கு 7,000 ரூபாய் என்று வைத்தால், 20,000 கோடி ரூபாயில் 2 கோடியே 86 லட்சம் டன் புதைக்கலாம். இந்தியா ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு சுமார் 300 கோடி டன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருஷப் பணம், மூன்றரை நாள் புகை! இந்தப் பணம் டன் கணக்கில் கொடுப்பதற்கல்ல, தொழில்நுட்பத்தை வளர்ப்பதற்கு என்று சர்க்கார் தரப்பில் சொல்வார்கள். ஒப்புக் கொள்கிறேன். ஆனால் இன்று விதை என்று கொடுப்பதை நாளை வருஷா வருஷம் உரமென்று கேட்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2022 நவம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட திட்டத்தில், 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்க வேண்டும் என்று குறி வைத்திருக்கிறார்கள். அதே 7,000 ரூபாயால் பெருக்குங்கள்: ஆண்டுக்கு ஐந்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். விலை பாதியாகக் குறைந்தாலும் இரண்டரை லட்சம் கோடி. இதை யார் கட்டுவது என்ற கேள்வியை இப்போதே கேட்காமல் எப்போது கேட்பது?

போல்ட்டு செய்கிறவன் தலையில்

பாடியிலும் அம்பத்தூரிலும் போல்ட்டு, நட்டு, ஸ்குரூ செய்யும் தொழிலாளிகளுக்கு இதில் நேரடியான சம்பந்தம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய யூனியன், 2026 ஜனவரி 1 முதல், வெளிநாட்டு உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றின் மேல் எல்லையிலேயே கரிக் கட்டணம் வைத்துவிட்டது. பட்டியலில் போல்ட்டும் நட்டும் ஸ்குரூவும் உண்டு! முதல் வருஷம் கட்டணம் சிறிது. 2034க்குள் முழுசாக ஏறும்.

நம் நாட்டில் ஒரு டன் உருக்குக்குச் சராசரி இரண்டரை டன் கரியமில வாயு. போல்ட்டுப் பட்டறை இதில் விட்டது எவ்வளவு? மிகக் கொஞ்சம். கம்பியை இழுத்து, தலை அடித்து, மரை உருட்டி, சூடாக்கிப் பதப்படுத்துகிறது, அவ்வளவுதான். இரண்டரை டன்னும் உருக்காலையின் ஊதுலையிலிருந்து வந்தது. ஆனால் ஐரோப்பாவில் சரக்கு இறங்கும்போது கணக்குக் கேட்கப்படுவது போல்ட்டிடம். வருஷத்துக்கு 50 டன்னுக்குள் வாங்கும் இறக்குமதிக்காரனுக்கு விலக்கு உண்டு என்று 2025இல் தளர்த்தினார்கள். பல ஊரில் வாங்கிச் சேர்க்கும் வியாபாரிக்கு 50 டன் எந்த மூலைக்கு? அவன் கேட்பான்: "உன் கம்பி எந்த உலையில் வந்தது? சான்று எங்கே? இல்லையென்றால் விலையைக் குறை."

இப்போது சர்க்கார் கொள்கையை இதோடு சேர்த்துப் பாருங்கள். பெரிய உருக்காலைக்குப் புகை பிடிக்க மான்யம். 2024 டிசம்பரில் உருக்கு மந்திரிசபை பச்சை உருக்குக்கு நட்சத்திரம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது, டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே போனால் நட்சத்திரம். மான்யத்தில் நட்சத்திரம் வாங்கிய ஆலை, அந்தக் கம்பியைச் சாதாரண விலைக்கா விற்கும்? கூடுதல் விலை கேட்கும். வாங்காத பட்டறைக்கு ஐரோப்பிய ஆர்டர் போகும். வாங்கிய பட்டறைக்கு லாபம் போகும். வரியில் ஒருமுறை கொடுத்தோம், விலையில் இன்னொருமுறை கொடுக்கிறோம். ஆகவே மான்யம் வாங்கும் ஆலை, சிறுதொழிலுக்கு விற்கும் உருக்குக்கு நட்சத்திரத்தின் பேரால் கூடுதல் விலை வைக்கக் கூடாது, சான்றை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாமா? அந்த நிபந்தனை எழுத்தில் இல்லையானால், இருபதாயிரம் கோடியும் உருக்கு ஏகபோகத்துக்குப் போட்ட விருந்து என்றுதான் ஆகும்.

வரியை எடுத்தது யார்?

இன்னொரு விஷயம். நார்வே மாதிரி நம் நாட்டிலும் ஒரு வரி இருந்தது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டார்கள். சுத்த சக்திக்கு நிதி சேர்க்க என்றார்கள். 2016இல் அது 400 ரூபாய் ஆயிற்று. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும் கணக்கில் கரைந்தது. 2025 செப்டம்பரில் செஸ்ஸையே எடுத்துவிட்டு, நிலக்கரி மேல் ஜி.எஸ்.டி.யை 5 சதத்திலிருந்து 18 சதமாக்கினார்கள். கஜானாவுக்கு வரி வருகிறது. ஆனால் புகை விடுகிறவன் கொடுத்த பணம் புகையைக் குறைக்கவே போக வேண்டும் என்ற அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அது அவிழ்ந்து ஐந்து மாதத்துக்குள் பொதுப் பணத்திலிருந்து இருபதாயிரம் கோடி!

ஆவடிக்காரர்களுக்கு இது வேறு விதத்திலும் உறைக்க வேண்டும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரி சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்ட ஊர் அது. டாங்கி செய்யும் கனரக வாகன ஆலை எழுந்த ஊர். 2021 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டின் 41 படைக்கல ஆலைகளும் ஏழு கம்பெனிகளாக வெட்டப்பட்டன. அதில் ஒன்றின் தலைமையகம் ஆவடி. சர்க்கார் நேரடியாக ஆலை நடத்தக் கூடாது, கம்பெனி பாணியில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார்கள். நல்லது ஐயா! தொழிலாளி ஆலைக்குச் சொந்தக் கால், தனியார் புகைபோக்கிக்குச் சர்க்கார் ஊன்றுகோலா?

விவசாயத் தொழிலாளர் விஷயத்தையும் பாருங்கள். 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய கிராம வேலைச் சட்டத்தில் 125 நாள் வேலை என்று எழுதி, செலவில் 40 சதத்தை மாநிலங்கள் தலையில் வைத்தார்கள். திருமழிசையில் மண் வெட்டும் பெண்ணின் கூலிக்குப் பங்கு கேட்கும் மத்திய சர்க்கார், சிமெண்ட் முதலாளியின் கோபுரத்துக்கு அவனிடம் எத்தனை பங்கு கேட்கப் போகிறது என்பதை நாமும் கேட்டு வைப்போம்.

வேலை கிடைக்குமா?

நிதி ஆயோக் திட்டத்தில் ஓர் ஆசை வார்த்தை இருக்கிறது. 2050க்குள் 80 லட்சம் முதல் ஒரு கோடி பேர் வரை வேலை கிடைக்குமாம். கோபுரம் கட்டும்போது வெல்டருக்கும் பிட்டருக்கும் குழாய் பொருத்துகிறவருக்கும் வேலை உண்டு; மறுக்கவில்லை. ஆனால் இது காண்ட்ராக்ட் வேலை. கட்டி முடித்ததும் கேட்டுக்கு வெளியே. ஓடத் தொடங்கிய பின் அது ஒரு ரசாயன ஆலை. கண்ட்ரோல் ரூமில் ஷிப்டுக்குச் சில பேர் போதும்.

ஆனால் இங்கேதான் அம்பத்தூருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைத் தட்டிவிடுவது முட்டாள்தனம். இந்த யந்திரத்தில் என்ன இருக்கிறது? அழுத்தக் கலன், வெப்பப் பரிமாற்றி, வால்வு, பம்பு, பிளாஞ்சு, குழாய். இதெல்லாம் 1960களிலிருந்து எஸ்டேட் பட்டறைகள் செய்து கைதேர்ந்த வேலை! சர்க்கார் மான்யத்தில் வாங்கும் யந்திரத்தில் இத்தனை பங்கு சிறுதொழில் பட்டறைகளிடம் வாங்கியே ஆக வேண்டும், அந்தப் பட்டறைகளில் பி.எப்.பும் இ.எஸ்.ஐ.யும் கட்டியே ஆக வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். 2025 மே மாதத்தில் சிமெண்ட் துறைக்கு அறிவித்த ஐந்து சோதனைக் களங்களில் ஒன்றில் சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது. கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் எவ்வளவு தூரம்? ஆராய்ச்சி கிண்டியில் நடந்து, கோபுரம் கப்பலில் இறங்கினால் அது யார் குற்றம்?

எந்தப் புகைபோக்கி?

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து துறையையும் ஒரே தட்டில் வைத்ததே தப்பு. சிமெண்டில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருகிறது. கல்லைச் சுட்டால் வாயு பிரியும், அது ரசாயன விதி. சூளையைச் சூரிய சக்தியில் எரித்தாலும் அந்தப் பங்கு வந்தே தீரும். அங்கே பிடிப்பதைத் தவிர வேறு வழி குறைவு. அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் யந்திரம் வைக்கப் போவதாக டால்மியா சிமெண்ட் கம்பெனி 2019இல் அறிவித்தது. அப்படிப்பட்ட இடத்தில் பொதுப் பணம் போடலாம். ஆனால் கொடுப்பதற்குப் பதிலாக ஷேர் வாங்க வேண்டும். பிறக்கும் காப்புரிமை பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். அறிவிப்புக்குக் காசு கொடுக்காமல், அளந்து புதைத்த டன்னுக்குக் கொடுக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு இது வேண்டாம். முப்பந்தலில் காற்றாடி சுழல்கிறது. கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சூரிய நிலையம் எழுந்தது. புகையே வராத மின்சாரம் கைக்கெட்டும் விலையில் இருக்கும்போது, நிலக்கரி நிலையத்தில் நாலில் ஒரு பங்கு சக்தியை விழுங்கும் யந்திரத்தை மாட்டி, அதற்கு ஈடாக இன்னும் நிலக்கரி எரிப்பது யார் லாபத்துக்கு? மின் துறைக்கென்று வைத்த பங்கைக் காற்றாலை மின்சாரம் கொண்டுவரும் கம்பித்தடத்துக்கும், பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் பாட்டரிக்கும் திருப்பினால், அம்பத்தூர் பட்டறையின் பில் ஏறாது. அனல் நிலையத்தில் இன்று வேலை செய்யும் தோழர்களுக்கு மாற்று வேலையும் முழுச் சம்பளமும் அதே பணத்திலிருந்து உத்தரவாதம் செய்ய வேண்டும். அவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் காற்றாடி சுழற்றுவதை நாம் ஏற்க முடியாது.

வயலுக்கு அடியில்

கடைசியாக, பிடித்த வாயு எங்கே போகும்? அரியலூருக்குப் பக்கத்தில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்துவரும் காவிரிப் படுகை இருக்கிறது. அதுவரை குழாய் போக வேண்டுமானால் வயல் வழியாகத்தான் போகும். கெயில் கம்பெனியின் எரிவாயுக் குழாய் கொங்கு நாட்டு வயல்களில் இறங்கியபோது விவசாயிகள் பட்ட பாடு பழைய கதை அல்ல. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2016இல் தீர்ப்பு விவசாயிகளுக்கு எதிராக வந்தது. குழாய் போன நிலத்துக்கு உடைமைக்காரனுக்கு ஏதோ நஷ்டஈடு. அதில் கூலிக்கு நின்றவனுக்கு ஒன்றுமில்லை.

அபாயமும் இல்லாமலில்லை. 2020 பிப்ரவரி 22இல் அமெரிக்காவின் மிஸிஸிபி மாகாணத்தில் சடார்ஷியா என்ற கிராமத்தருகே கரியமில வாயுக் குழாய் வெடித்தது. இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். ஜனங்கள் மூச்சு முட்டி விழுந்தார்கள். மோட்டார் வண்டிகள் நடுவழியில் நின்றன. 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இத்தனைக்கும் அது ஆள் நடமாட்டம் குறைந்த காட்டுப்புறம்.

புதைத்த பின்னும் காவல் காக்க வேண்டும், தலைமுறை தலைமுறையாக. ஐரோப்பாவின் 2009 சட்டப்படி, கிணற்றை மூடி இருபது வருஷம் கழிந்ததும், வாயு அடங்கிவிட்டது என்று நிரூபித்தால், கம்பெனி பொறுப்பைச் சர்க்கார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். கசிந்தால் அப்புறம் ஜனங்கள் பாடு! நம் நாட்டில் இதற்கென்று சட்டம் எழுதும்போது, பொறுப்பு யார் பேரில், எத்தனை வருஷம், முன்பணமாக எவ்வளவு என்பதை முதல் பிரிவிலேயே எழுத வேண்டும். குழாய் போகும் ஊரின் கிராம சபைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும். நஷ்டஈட்டில் அந்த நிலத்தின் கூலியாட்களுக்கும் பங்கு வேண்டும்.

டீக்கடைத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் விட்ட புகைக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? சிமெண்டுக்கு, ஷேரும் காப்புரிமையும் நம் பேரில் இருந்தால், கொடுக்கலாம். நிலக்கரி மின்சாரத்துக்குக் கொடுக்கக் கூடாது. உருக்குக்குக் கொடுப்பதானால், போல்ட்டுப் பட்டறைக்கு வரும் கம்பி விலையை எழுதி வாங்கிக் கொண்டு கொடுக்க வேண்டும். இந்தப் பணம் எந்தெந்தக் கம்பெனிக்கு, என்ன நிபந்தனையோடு போகிறது என்று பார்லிமெண்டில் பட்டியல் கேட்கும்படி திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி உறுப்பினர்களுக்கு எஸ்டேட் சங்கங்கள் மனு எழுதட்டும். போல்ட்டுப் பட்டறைத் தோழர்கள், தங்களிடம் ஐரோப்பிய வியாபாரி கேட்டனுப்பிய கரிக் கணக்குத் தாள் ஏதேனும் வந்திருந்தால், அதன் நகலையும் மனுவோடு சேர்க்கட்டும்.